எங்கள் ஊர்த் தொலைக்காட்சி அறையை இளைஞர்கள் கேட்டால் கொடுப்பார்களா? கிராம சபைக்கு முன் யோசனை தேவை

பீடிச்சுளகு | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊராட்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 26. பி.காம். முடித்துத் திருப்பூரில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அப்பா மாடியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானதால் சென்ற ஆண்டு ஊர் திரும்பினேன். அம்மா முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். சுளகை மடியில் வைத்தபடியே எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கால்வாய்க் கரையில் பல வீடுகள் இடிந்தன. நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து பத்து நாட்கள் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டோம். வந்த அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தினமும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் ஊரில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குப் பக்கத்தில், ஊரார் கூடித் தொலைக்காட்சி பார்க்கக் கட்டிய பழைய அறை இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டு. உள்ளே இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள், வெளியே ஆடுகள். அதைப் பகலில் அப்பளமும் வடகமும் போடும் ஆறு பெண்களுக்கு வேலைக்கூடமாகவும், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இடமாகவும் கேட்கிறோம். தலைவர் மூன்று முறை "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் ஒருவர், "உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சென்ற ஆண்டு எங்களில் நால்வர் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனோம். மூன்று நாட்கள். காகிதக் கோப்பைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினோம், குழுப்பாட்டு பாடினோம், சான்றிதழ் வாங்கினோம். கிராம சபையில் ஒரு தீர்மானத்தை எப்படிக் கொண்டுவருவது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை. என்ன செய்யலாம்?

கோடகன்கால் | 4 ஆகஸ்ட், இரவு 10.15

மகளே, நான் வேறு ஊராட்சியில் இரண்டு முறை வார்டு உறுப்பினராக இருந்தவன். உன் எழுத்தில் உண்மை தெரிகிறது. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலும் அப்படி ஓர் அறையை இளைஞர் மன்றத்துக்குக் கொடுத்தோம். ஆறு மாதம் நன்றாக நடந்தது. கேரம் பலகை வந்தது, செய்தித்தாள் வந்தது. பிறகு ஒருவன் சென்னைக்குப் போனான், ஒருவன் குவைத்துக்குப் போனான். மிச்சம் இருந்தவர்களுக்குள் கோயில் கொடை விழாவுக்கு யார் பேனர் வைப்பது என்று தகராறு. அடிதடியாகி, போலீஸ் வந்து, அறையைப் பூட்டினோம். அந்தப் பூட்டைப் போட்டவன் நான்தான். இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து அந்த அறைக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தலைவருமே கேட்பார். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போ.

மனு எழுதுபவர் | 5 ஆகஸ்ட், காலை 6.20

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வாசலில் திங்கள்தோறும் மனு எழுதிக் கொடுக்கிறேன். இன்றும் திங்கள்தான், கிளம்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

"உங்களுக்கு என்ன அதிகாரம்" என்ற கேள்விக்கு முதலில் பதில். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சந்தா கிடையாது, சிபாரிசு கிடையாது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதை ஒட்டி வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த அதிகாரம் அது. அடுத்த முறை கேட்டால், "நான் சபை உறுப்பினர்" என்று சொல்லுங்கள், தங்கச்சி. குரலை உயர்த்த வேண்டியதே இல்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாகிவிட்டது. ஆகவே ஒரு நாள் போனால் உலகம் முடிந்துவிடாது.

உங்கள் ஊரின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை இருந்தால் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். 3,000க்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேர். எண்ணிக்கை குறைந்தால் கூட்டம் செல்லாது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. பேச்சுத்திறமையைவிட ஆளைத் திரட்டுவதில்தான் உங்கள் பதினோரு பேரின் வேலை இருக்கிறது.

மனுவை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். என்ன வேண்டும், எதற்கு, எத்தனை மாதம், சாவி யாரிடம், கணக்கை யார் யாருக்குக் காட்டுவார்கள் என்று ஐந்து வரிகளில் இருக்கட்டும். "ஆவன செய்யுமாறு" என்று முடிக்காதீர்கள். "இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும்" என்று முடியுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் பதிந்ததை வாசிக்கச் சொல்லுங்கள். கிராம சபையில் முடிந்த பிறகு வார்டு உறுப்பினர்கள் கூட்டத்திலும் அது வர வேண்டும். பாதி மனுக்கள் அந்த இடைவெளியில்தான் காணாமல் போகின்றன.

சார்ஜாவில் ஒரு நெல்லைக்காரன் | 5 ஆகஸ்ட், மதியம் 1.05

எதற்கு இத்தனை அலைச்சல், தங்கச்சி? இங்கே நம் பகுதிக்காரர்கள் நாற்பது பேர் இருக்கிறோம். இடம் மட்டும் காட்டுங்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தகரக் கொட்டகை அமைத்துத் தருகிறோம்.

பீடிச்சுளகு | 5 ஆகஸ்ட், இரவு 8.30

அண்ணாச்சி, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் நீங்கள் கட்டிக் கொடுத்தால் அது உங்கள் கொட்டகை. நாளைக்கு யாராவது எங்களைப் போகச் சொன்னால் உங்களிடம்தான் ஓடி வருவோம். அந்த அறை ஊர் வரிப்பணத்தில் கட்டியது. அதைக் கேட்டு வாங்கத் தெரியாவிட்டால் எத்தனை கொட்டகை கிடைத்தும் நாங்கள் அப்படியேதான் இருப்போம். பிறகு தேவைப்பட்டால் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை | 6 ஆகஸ்ட், மாலை 5.50

நாங்குநேரிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி, பாப்பா. உங்கள் பதினோரு பேரில் எத்தனை தெருக்காரர்கள் இருக்கிறார்கள்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு இந்த ஜூன் மாதம்தான் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஒவ்வொரு காலையும் அந்தக் கயிறுகளை நான் பார்க்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் யார் பக்கத்தில் உட்காருவது என்று முடிவு செய்கிறான். அவன்தான் ஐந்து ஆண்டுகளில் உங்கள் கிராம சபைக்கு வரப்போகும் வாக்காளன்.

தாழையூத்து ஊராட்சித் தலைவியாக இருந்த கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டிப் போட்டார்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்ததும் அந்தப் பகையில் சேர்ந்திருந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. நம் மாவட்டத்தில் "இளைஞர் தலைமை" என்று யார் பேசினாலும் நான் முதலில் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரே தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் அறையைக் கேட்டால், ஊர் அதைத் தெருவுக்கான அறை என்றுதான் வாசிக்கும்.

பீடிச்சுளகு | 6 ஆகஸ்ட், இரவு 11.55

டீச்சர், இரண்டு மணி நேரமாக இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு பேரும் மேலத்தெருவும் நடுத்தெருவும்தான். கீழத்தெருவிலிருந்து ஒருவரும் இல்லை. வெள்ளத்தின்போது அங்கே சாப்பாடு கொண்டுபோனோம். சமைக்க வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்குத் தோன்றவில்லை. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, இன்று மாலை நீங்கள் கேட்கும் வரை இதை நான் கவனித்ததே இல்லை.

மானூர்க் கல்வெட்டு | 7 ஆகஸ்ட், காலை 7.10

டீச்சர் சொன்னதை ஒட்டி ஒரு பழைய செய்தி. குடவோலை என்றால் எல்லோரும் உத்திரமேரூரைத்தான் சொல்வார்கள். அதைவிட நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்த கல்வெட்டு ஒன்று நம் மானூரில், சிவன் கோயிலில் இருக்கிறது. மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலம், ஏறத்தாழ கி.பி. 800. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராகலாம், யார் பேசலாம் என்று அதில் விதி எழுதியிருக்கிறார்கள். எந்த யோசனை வந்தாலும் "கூடாது, கூடாது" என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது.

படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சபையில் உட்கார ஊரில் நிலப்பங்கு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். உழுதவருக்கும் நெய்தவருக்கும் பானை வனைந்தவருக்கும் அங்கே இடம் இல்லை, பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலில், சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பாட்டி தலைவியானார். அதே தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பெண் ஒருவர் தலைவியானார். போட்டியிடக் குறைந்தபட்ச வயதே 21தான். மானூர்ச் சபை இந்த இருவரையும் வாசற்படி ஏற விட்டிருக்காது.

பத்தமடைக்காரி | 7 ஆகஸ்ட், இரவு 9.00

எல்லோரும் அறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அப்பளத்தைப் பற்றி நான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகப் பாய் முடைகிறோம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்று நீரில் ஊறப்போட்டு, நூல்போலக் கிழித்து, பட்டு மாதிரி மடியும் பாய் செய்வார் என் பாட்டி. எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு எங்கள் ஊர்ப் பாய் போன கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார்கள். புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நல்ல பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். விலையை வாங்குகிறவரே சொன்னால் குறியீடு என்ன செய்யும்? என் தங்கை தறியில் உட்கார மறுத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலைக்கும் சென்ற ஆண்டு ஜூலையில் குறியீடு வந்திருக்கிறது. நெய்கிறவர் கையில் விலை வர வேண்டும், அதுவே என் கவலை.

ஆகவே தங்கச்சி, உங்கள் ஊரிலிருந்து கல்லிடைக்குறிச்சி கூப்பிடு தூரம். அப்பளத்துக்கே பேர்போன ஊரின் பக்கத்தில் அப்பளம் போடப் போகிறீர்கள். யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் கடன் இல்லாமல், கையில் இருப்பதை வைத்துப் போட்டுப் பாருங்கள். உளுந்து விலை, எண்ணெய், விறகு, உடைந்து கழிந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போட்டு எழுதுங்கள், நாங்கள் அதைத்தான் எழுதாமல் கெட்டோம். அதன்பின் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் எட்டாம் வகுப்பு படித்திருந்தாலே போதும். 15 லட்சம் வரை திட்ட மதிப்பு, 25 சதவீதம் மானியம். மானியத்தைக் கண்டு பெரிய இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். மானியம் ஒரு முறை வரும், வங்கித் தவணை மாதாமாதம் வரும்.

முதல் ஓட்டு | 8 ஆகஸ்ட், மாலை 4.20

எனக்கு 18 முடிய இன்னும் ஆறு வாரம். கிராம சபைக்கு வரலாமா?

மனு எழுதுபவர் | 8 ஆகஸ்ட், மாலை 6.00

வந்து உட்கார்ந்து பாருங்கள், தம்பி. யாரும் விரட்ட மாட்டார்கள். 17 முடிந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்து வைக்கலாம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள்தான்.

பீடிச்சுளகு | 16 ஆகஸ்ட், காலை 10.30

தோற்றுவிட்டோம். கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் எண்ணியபோது அறுபத்திரண்டு பேர். மனுவை வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்தார்கள், வாசிக்கவில்லை. நான் எழுந்தபோது, "நேரம் ஆகிவிட்டது, மிட்டாய் வாங்கிக்கொண்டு போங்கள்" என்றார்கள். எங்களோடு வந்த பையன்களில் நான்கு பேர் இனிமேல் வர மாட்டோம் என்கிறார்கள்.

மனு எழுதுபவர் | 16 ஆகஸ்ட், மதியம் 12.10

மனுவின் நகலில் கையொப்பம் வாங்கினீர்கள் அல்லவா? அப்படியானால் தோற்கவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டே விஷயம் கேளுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையின் வருகைப் பதிவேட்டு நகல், தீர்மானப் புத்தக நகல். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் கதை வரும். நகல் கேட்டால் நகல்தான் வர வேண்டும். 30 நாட்கள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதை நான் எழுதித் தருகிறேன்.

கோடகன்கால் | 16 ஆகஸ்ட், இரவு 9.45

போன நான்கு பேரை விட்டுவிடாதே, மகளே. வீட்டுக்குப் போய்க் கூப்பிடு. எங்கள் மன்றம் உடைந்தபோது போனவர்களை நான் போய்க் கூப்பிடவில்லை.

பீடிச்சுளகு | 18 செப்டம்பர், இரவு 10.05

நகல் வந்துவிட்டது. வருகை 112 என்று இருக்கிறது. ஒன்பது தீர்மானங்கள், எங்கள் அறை அதில் இல்லை. 47ஆவது கையெழுத்து என் அம்மாவுடையது. அன்று அம்மா வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முந்தின நாள் யாரோ நோட்டைக் கொண்டுவந்து, "நூறு நாள் வேலைக்கு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தாளை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "என் பேரை வைத்து என்னென்ன எழுதியிருக்கிறார்கள், வாசி" என்றார். ஒன்பதையும் வாசித்தேன்.

இந்த ஒரு மாதத்தில் வாரம் இரண்டு நாள் கீழத்தெருவில் உட்கார்ந்திருக்கிறோம். முதல் வாரம் எங்களோடு யாரும் பேசவில்லை. அது நியாயம்தான். செவிலியர் படிப்பு படிக்கும் ஒரு தங்கை கடைசியில் கேட்டாள்: "சாவி எங்களிடமும் இருக்குமா, இல்லை கையெழுத்து மட்டும் வேண்டுமா?" அன்றிரவே மனுவைத் திருத்தினோம். இரண்டு சாவி, ஒன்று கீழத்தெருவில். இப்போது நாங்கள் பதினேழு பேர்.

பீடிச்சுளகு | 3 அக்டோபர், காலை 8.15

நேற்றுக் கிராம சபை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெருத்தெருவாகப் போய் அழைத்ததில் 143 பேர் நேரில் வந்தார்கள். போன நான்கு பையன்களில் மூவர் திரும்பி வந்து நாற்காலி போட்டார்கள். மனுவைக் கீழத்தெருத் தங்கை வாசித்தாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அறை 11 மாதத்துக்கு, மாதம் 300 ரூபாய் வாடகை, ஒவ்வொரு கிராம சபையிலும் வரவு செலவு வாசிப்போம் என்று எழுதியிருந்தோம்.

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எல்லாத் தெருவும் சேர்ந்து போட்ட அப்பளத்தை யார் வாங்கிச் சாப்பிடுவார்கள்?" என்றார். எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது அம்மா எழுந்தார். கூட்டத்தில் அம்மா பேசி நான் பார்த்ததில்லை. "முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறேன். கீழத்தெருவிலும் சுற்றுகிறார்கள். கடையில் எல்லாம் ஒரே சாக்கில்தான் விழுகிறது. வாயில் வைக்கிறவன் எவனாவது இது எந்தத் தெருக் கை சுற்றியது என்று கேட்டானா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, மறந்துபோனதுபோல மறுபடி எழுந்து, "நான் இன்றைக்கு வந்திருக்கிறேன், இன்றைக்குப் போடுகிற கையெழுத்துதான் என் கையெழுத்து" என்றார்.

கேட்டவர் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார், அவரோடு ஒரு வார்டு உறுப்பினரும் ஆறேழு பேரும் போனார்கள். அவர்களோடு இனி ஊரில் எப்படி முகம் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. தலைவர் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு, "எழுதுங்கள்" என்றார். ஏழாவது தீர்மானம். கலைவதற்கு முன் வாசிக்கச் சொன்னோம், வாசித்தார்கள். இனி வார்டு உறுப்பினர்கள் கூட்டத்தில் வர வேண்டும்.

மாலையில் பூட்டைத் திறக்க முடியவில்லை, துருப்பிடித்து இறுகிவிட்டது. அறுத்துத்தான் எடுத்தோம். உள்ளே மின் இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். பழைய பாக்கி இருக்கிறதாம்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை | 3 அக்டோபர், காலை 8.40

உன் அம்மாவை ஒருநாள் எங்கள் பள்ளிக்கு அழைத்து வருவாயா? பிள்ளைகளோடு அவர் பேச வேண்டும். பஸ் செலவு என்னுடையது.

சார்ஜாவில் ஒரு நெல்லைக்காரன் | 3 அக்டோபர், காலை 11.20

மின்கட்டணப் பாக்கியை இப்போதாவது என்னைக் கட்ட விடுவீர்களா, தங்கச்சி?

பீடிச்சுளகு | 3 அக்டோபர், மதியம் 1.30

கடனாக வாங்கிக்கொள்கிறோம், அண்ணாச்சி. ரசீது கொடுப்போம், சுவரில் உங்கள் பெயரோடு எழுதி ஒட்டுவோம். பத்தமடை அக்கா சொன்னபடி கூலியும் சேர்த்து எழுதும் கணக்கு நோட்டை நேற்றே வாங்கிவிட்டேன்.

மனு எழுதுபவர் | 3 அக்டோபர், மதியம் 2.00

பாக்கி கட்டுவதற்கு முன் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சியின் பெயரில்தான் இருக்கும். அப்படியானால் மறு இணைப்பு மனுவில் தலைவர் கையொப்பம் வேண்டும். ஏழாவது தீர்மானத்தின் நகலையும் அதோடு இணையுங்கள்.

கோடகன்கால் | 3 அக்டோபர், இரவு 10.30

மகளே, நான் பூட்டினேன் என்று சொன்ன அந்த அறையின் சாவி இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. உன் மனுவை அப்படியே இங்கே போடு. எங்கள் ஊரிலும் கேட்கப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நாளைக் காலையில் போய்ப் பார்க்கிறேன். கீழ்ப்பக்கத் தெருவிலிருந்து தொடங்குகிறேன்.